மிலிட்டரி வரணும் என்கிறவர்களுக்கு

"இந்த நாட்டுக்கு மிலிட்டரி ஆட்சி வந்தாத்தான் சரிப்படும்." பெரம்பலூர் புதிய பஸ் ஸ்டாண்டில் தொடங்கி ஜெயங்கொண்டம் நாலு ரோடு வரை எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் இந்தப் பேச்சு காதில் விழும். சொல்கிறவர் கெட்டவர் அல்ல. பட்டா மாற்றத்துக்காகத் தாலுகா ஆபீஸ் படியேறி இறங்கி அலுத்தவராக இருப்பார். வேலை கிடைக்காத மகன் குடித்துக் கெட்டதைக் கண்ணெதிரே பார்த்தவராக இருப்பார். பக்கத்து ஊரில் சாதிச் சண்டை மூண்டபோது போலீஸ் ஆடி அசைந்து வந்ததைக் கண்டு வெறுத்தவராக இருப்பார். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர் கேட்கிற மருந்தில்தான் நியாயம் இல்லை.

சாமியாரைக் கேள்வி கேட்டவர்கள், ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் செய்துகொண்டவர்கள், மகளுக்கு வைத்த பெயரில்கூட மதம் தெரியக் கூடாது என்று பார்த்தவர்கள், அவர்களிலும் பலர் இந்தப் பேச்சுக்குத் தலையாட்டுகிறார்கள். எனக்கு வருத்தம் தருவது அதுதான். காக்கியும் பச்சையும் கண்ணில் பட்டதும் கேள்வி அடங்கிவிடுகிறது. பகுத்தறிவு கோயில் வாசலோடு நின்றுவிடுகிற சமாசாரமா? எந்த நம்பிக்கையானாலும் ஆதாரம் கேட்பதுதானே அது? ராணுவத்தை ஊருக்குள் இறக்கினால் ஒழுங்கு வந்துவிடும் என்பதும் ஒரு நம்பிக்கை. அதற்கும் ஆதாரம் கேட்போம்.

நம் ஊர்களில் அய்யனார் எங்கே இருக்கிறார்? ஊர் எல்லையில். அவர் குதிரை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது? வெளியே. காவல் காக்கிறவன் முகம் ஊருக்குள் திரும்பியிருந்தால் அது காவல் இல்லை என்கிற அளவுக்கு, அந்தச் சிலையைச் செய்த வேளாருக்குத் தெரிந்திருக்கிறது. நான் சாமி கும்பிடுகிறவன் அல்லன். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தில் அந்த வேளாருடைய புத்தி நம் சட்டம் எழுதியவர்களின் புத்தியைவிடத் தெளிவாக இருந்தது என்று நினைக்கிறேன்.

ராணுவத்தின் முகத்தை உள்ளே திருப்பியவர்கள் வெள்ளைக்காரர்கள். இரண்டாம் உலகப் போருக்கு முன் இந்தியாவிலிருந்த படையை அவர்கள் மூன்றாகப் பிரித்து வைத்திருந்தார்கள். போருக்குப் போகும் படை ஒன்று. வடமேற்கு எல்லையைக் காக்கும் படை ஒன்று. மூன்றாவதற்கு அவர்கள் வைத்த பெயரே உள்நாட்டுப் பாதுகாப்புப் படை. நாட்டு மக்கள் கிளர்ந்தால் அடக்குவது என்பது அதற்கென்றே ஒதுக்கப்பட்ட வேலை.

1930இல் வந்த சைமன் கமிஷன் அறிக்கையில் இதைப் பற்றி ஒரு கணக்கு இருக்கிறது. போருக்குப் போகும் படையிலும் எல்லைப் படையிலும் இந்தியச் சிப்பாய்கள்தான் பெரும்பான்மை. உள்நாட்டுப் பாதுகாப்புப் படையில் மட்டும் கணக்கு தலைகீழ். ஏழு இந்தியருக்கு எட்டு வெள்ளையர். காரணம் சொல்லத் தேவையில்லை. ஆப்கானியனைச் சுடச் சொன்னால் இந்தியச் சிப்பாய் சுடுவான். தன் சித்தப்பன் மகனைச் சுடச் சொன்னால் அவன் கை தயங்கும். அந்தத் தயக்கத்தை எண்ணிப் பார்த்து, அதற்கு ஏற்றபடி ஆள் சேர்த்தார்கள். உள்நாட்டுக் காவல் என்று ஒரு படையைத் தனியாக உண்டாக்கும்போது எந்த அரசும் முதலில் போடுகிற கணக்கு இதுதான்: சுடச் சொன்னால் தயங்காதவன் யார்?

அதே 1930இல் பெஷாவரில் அந்தத் தயக்கம் எல்லாரும் பார்க்க நடந்தது. ஏப்ரல் 23ஆம் தேதி. கிஸ்ஸா கவானி கடைத்தெருவில் ஆயுதம் ஏதுமில்லாத பட்டாணியர் கூட்டம். எதிரே கார்வால் ரைஃபிள்ஸ் படைப்பிரிவு. சுடு என்று உத்தரவு வந்தது. சந்திர சிங் என்ற ஹவில்தாரும் அவரோடு நின்ற சிப்பாய்களும் சுடவில்லை. சிப்பாய்கள் மலைநாட்டு இந்துக்கள், எதிரே நின்றவர்கள் முஸ்லிம்கள். இந்த வேற்றுமை போதும், கை தயங்காது என்று போட்ட கணக்கு அன்றைக்குப் பொய்த்தது. ராணுவ நீதிமன்றம் சந்திர சிங்குக்கு ஆயுள் தண்டனை விதித்தது. சுதந்திர இந்தியா 1994இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. அவர் செய்த அதே காரியத்தை இன்று ஒரு ஹவில்தார் செய்தால் அவருக்குத் தபால்தலை கிடைக்காது, சிறைதான் கிடைக்கும். 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்தில் கீழ்ப்படியாமைக்கான தண்டனை அப்படியே இருக்கிறது. இறந்தவரைக் கொண்டாடிவிட்டு, அவர் வழியில் நடக்க முடியாதபடி சட்டத்தை வைத்திருக்கிறோம். இதற்கு நாணப்பட வேண்டாமா?

1942 ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தை அடக்க 57 பட்டாலியன்களை இறக்கினார்கள். ஆகஸ்ட் 15ஆம் தேதி வைசிராய் லின்லித்கோ ஓர் அவசரச் சட்டம் போட்டார். ஆயுதப் படைகளுக்குச் சிறப்பு அதிகாரம் தரும் சட்டம் அது. தேவைப்பட்டால் உயிர் போகும் அளவுக்குப் பலத்தைப் பயன்படுத்தலாம். அந்த உத்தரவைக் கேப்டன் பதவிக்குக் குறையாத அதிகாரிதான் தர முடியும். சரியாக ஐந்து ஆண்டு கழித்து, அதே ஆகஸ்ட் 15இல் நாடு விடுதலை பெற்றது. 1958இல் அதே பெயரில், அதே கருத்தில், நம்முடைய நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. நாகா மலைப் பகுதிக்காக என்று சொன்னார்கள். அதில் ஒரு மாற்றம் செய்தார்கள். கேப்டனுக்கு இருந்த அதிகாரத்தை ஹவில்தார், நாயக் வரைக்கும் இறக்கினார்கள். வெள்ளைக்காரன் தன் கேப்டன் கையில் மட்டும் நம்பிக் கொடுத்த அதிகாரத்தைச் சுதந்திர அரசு அதைவிடத் தாராளமாக வாரிக் கொடுத்தது.

1990இல் ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ் வந்தது. பஞ்சாபுக்கும் காஷ்மீருக்கும் என்று ஆறு பட்டாலியன்களோடு தொடங்கிய படை, இன்று அறுபதுக்கு மேற்பட்ட பட்டாலியன்களாக நிற்கிறது. சில பட்டாலியன்கள் சேர்ந்தால் ஒரு செக்டர். ஒரு பிரிகேடியர் தலைமையில் ஒரு பிரிகேடுக்குச் சமமாக இயங்குவது அது. வெளிநாட்டுப் படையோடு மோதுவதற்கென்று உருவானதல்ல இது. உள்நாட்டுக் கலகத்தை ஒடுக்குவதற்கென்றே உருவாகி, முப்பது ஆண்டுக்கு மேலாக அங்கேயே இருக்கிறது. தற்காலிகம் என்று தொடங்கும் எந்தப் படையும் தானாக வீட்டுக்குப் போவதில்லை. அதற்குப் பதவிகள் உண்டாகிவிடுகின்றன, பட்ஜெட் உண்டாகிவிடுகிறது, பதக்கங்களும் உண்டாகிவிடுகின்றன. அவை தொடர வேண்டுமானால் உள்நாட்டு எதிரி என்று ஒருவன் இருந்தாக வேண்டும்.

இதெல்லாம் வடக்கே நடக்கிற கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். நம் ஊருக்கே வருவோம்.

அரியலூருக்கும் கல்லகத்துக்கும் இடையே மருதையாற்றுப் பாலம் இருக்கிறது. கோடையில் பார்த்தால் இந்த ஆறா ரயிலைக் கவிழ்த்தது என்று தோன்றும். மணலும் கருவேலமும்தான். 1956 நவம்பர் 23ஆம் தேதி விடியுமுன், மழை வெள்ளத்தில் பாலம் பலம் இழந்திருந்தபோது, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் அதில் கவிழ்ந்தது. சுமார் 150 பேர் இறந்தார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். பாலத்தைக் கட்டியவர் அவர் அல்லர். ரயிலை ஓட்டியவரும் அல்லர். ஆனாலும் தன் துறையில் போன உயிர்களுக்குத் தான் பதில் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். அப்போது ரயில்வே துணை அமைச்சராக இருந்தவர் நம் ஓ.வி. அளகேசன். பள்ளிக்கூடத்தில் அரசியல் நாணயத்துக்கு உதாரணம் கேட்டால் பிள்ளைகள் இன்றும் 'அரியலூர் ரயில் விபத்து' என்கிறார்கள்.

இனி 1965க்கு வாருங்கள். அரியலூருக்கு அருகிலேயே கீழப்பழுவூர் இருக்கிறது. அந்த ஊர்க்காரரான சின்னசாமி, 1964 ஜனவரி 25ஆம் தேதி, திருச்சி ரயில் நிலையத்தின் முன்னால் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தீக்குளித்து இறந்தார். இளம் மனைவியும் சின்னஞ்சிறு மகளும் வீட்டில் இருந்தார்கள். உயிரை மாய்த்துக்கொள்வதை என்னால் ஒருபோதும் போற்ற முடியாது. எந்த மொழியும் அதைப் பேசுகிறவனின் உயிரைக் கேட்கக் கூடாது. ஆனால் அதற்கு ஒரு வருஷம் கழித்து என்ன நடந்தது என்று பாருங்கள். 1965 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மாநிலமே கொந்தளித்தது. போலீஸ் சுட்டது. ராணுவமும் வரவழைக்கப்பட்டது. பிப்ரவரியில் பொள்ளாச்சியில் நடந்த துப்பாக்கிச் சூட்டை இன்றும் அங்கே பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். மாநிலம் முழுக்க, அரசுக் கணக்கிலேயே சுமார் எழுபது பேர் செத்தார்கள், இரண்டு போலீஸார் உட்பட.

அப்போது பிரதமர் யார்? லால் பகதூர் சாஸ்திரி. அரியலூரில் ஆறு கொன்றவர்களுக்காகப் பதவி விலகிய அதே சாஸ்திரி. மாநிலத்தில் முதலமைச்சர் பக்தவத்சலம். மத்திய அமைச்சரவையிலிருந்து சி. சுப்பிரமணியமும், அதே அளகேசனும், பிப்ரவரி 11ஆம் தேதி ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். அது மொழிக் கொள்கையை எதிர்த்துக் கொடுத்தது. பிறகு அதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சுட்டதற்காக, செத்தவர்களுக்காக, இது என் பொறுப்பு என்று சொல்லி யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

சாஸ்திரியை இழிவுபடுத்த இதை எழுதவில்லை. அவர் நல்லவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. நல்லவராக இருந்ததால்தான் இந்தக் கேள்வி என்னைக் குடைகிறது. வெள்ளம் அடித்துப்போன பாலத்துக்குப் பொறுப்பேற்ற ஒரு மனிதரின் ஆட்சியில், குறிபார்த்துச் சுட்ட துப்பாக்கிக்குப் பொறுப்பேற்க ஆள் இல்லாமல் போனது எப்படி? இயற்கை கொன்றால் அமைச்சர் பதில் சொல்கிறார். அரசே கொன்றால் யாரும் பதில் சொல்வதில்லை. ஒழுங்கைக் காக்கத்தானே சுட்டோம் என்ற ஒரு வார்த்தை எல்லாக் குற்ற உணர்வையும் துடைத்துவிடுகிறது. எல்லா மதமும் செய்கிற வேலை இது. பாவத்தைக் கழுவ ஒரு மந்திரம் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெரியார் 1965 கிளர்ச்சியை ஆதரிக்கவில்லை. காலித்தனம் என்றே எழுதினார். அரசு இன்னும் கடுமையாக நடந்துகொண்டிருக்க வேண்டும் என்ற கருத்தில்தான் இருந்தார். ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் தீ வைப்பது போராட்டமாகாது என்ற அவருடைய வாதத்தில் வலு உண்டு. ஆனால் சுடுவதற்கு அவர் தந்த ஆதரவை என்னால் ஏற்க முடியவில்லை. நானே சொன்னாலும் உன் அறிவுக்குச் சரியென்று படாவிட்டால் விட்டுவிடு என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அந்த அனுமதியை அவரிடமே பயன்படுத்துகிறேன்.

மருதையாற்றுப் பாலத்தில் இரண்டாம் முறையும் ரயில் கவிழ்ந்தது. 1987 மார்ச் 15. இந்தமுறை வெள்ளம் இல்லை, வெடிகுண்டு. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் வந்தவர்களில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். குண்டு வைத்தவர்கள் தமிழரசன் தலைமையிலான குழுவினர். அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் 'தமிழ்நாடு விடுதலைப் படை'. தமிழரசன் இந்த மண்ணின் பிள்ளை, படித்தவர், ஏழைகளுக்காகப் பேசியவர், சாதி ஒழியாமல் எந்த விடுதலையும் இல்லை என்று உறுதியாகச் சொன்னவர். அவரைப் பற்றி மரியாதையோடு பேசுகிற எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அந்த மரியாதையில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்த ரயிலில் வந்தவர் யார்? திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்த கூலிக்காரரும், மகளைப் பார்த்துவிட்டு வந்த தாயும்தானே? மக்களின் பெயரால் படை கட்டியவர்களும் கடைசியில் மக்களைத்தான் கொன்றார்கள். நோக்கம் அதுவல்ல என்று இன்று விளக்கம் சொல்கிறார்கள். அரசும் ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் அதே விளக்கத்தைத்தான் சொல்கிறது.

அடுத்தது செப்டம்பர் 1. பொன்பரப்பி ஸ்டேட் பேங்கில் கொள்ளையடித்துவிட்டுக் கிளம்பிய தமிழரசனையும் அவரோடு வந்த நால்வரையும் கூட்டம் சூழ்ந்து கல்லாலும் கட்டையாலும் அடித்தது. ஐவரும் செத்தார்கள். கூட்டத்துக்குள் மஃப்டியில் போலீஸ் இருந்தது என்று அவருடைய தோழர்கள் இன்றுவரை சொல்கிறார்கள். கொள்ளைக்காரர்கள் என்று நினைத்துத்தான் மக்கள் அடித்தார்கள் என்பது இன்னொரு தரப்பு. எது உண்மையானாலும், தன்னிடம் துப்பாக்கி இருந்தும் ஊர்மக்கள் மீது தமிழரசன் சுடவில்லை என்று சொல்லப்படுகிறது. அது உண்மையானால், மார்ச் மாதம் தெரியாமல் போன ஒன்று செப்டம்பரில் அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிறேன்.

அதே 1987, அக்டோபர் மாதம். யாழ்ப்பாணம். அமைதி காக்கப் போன இந்திய ராணுவம் ஜூலை முடிவில் அங்கே இறங்கியபோது தமிழர்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். மூன்று மாதம் ஆகவில்லை. தீபாவளியை ஒட்டி, அக்டோபர் 21ஆம் தேதி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் நோயாளிகள், டாக்டர்கள், நர்சுகள் என்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள். இருதரப்பும் சுட்டுக்கொண்டபோது நடுவில் சிக்கினார்கள் என்று ராணுவத் தரப்பில் சொல்லப்பட்டது. உயிர் தப்பியவர்கள் வேறு கதை சொன்னார்கள். 1990 மார்ச்சில் அந்தப் படை திரும்பி வருவதற்குள் ஏறத்தாழ 1,200 இந்தியச் சிப்பாய்களும் செத்திருந்தார்கள். அவர்களும் யாரோ பெற்ற பிள்ளைகள்.

குன்னம் பக்கத்துப் பட்டாளத்துக்காரர் ஒருவர், அந்தப் படையில் இருந்து திரும்பி வந்த ஹவில்தார், வீட்டுத் திண்ணையில் சாய்ந்தபடி என்னிடம் சொன்னது இன்னும் மனதில் இருக்கிறது. "பார்டர்ல நின்னா எதிர்த்தாப்ல நிக்கிறவன்தான் எதிரின்னு தெரியும் தம்பி. ஊருக்குள்ள கொண்டுபோய் விட்டா கைலி கட்டினவன் பூரா எதிரியாத் தெரிவான். ராத்திரி நாய் குரைச்சாலும் கை ட்ரிக்கருக்குப் போவும். எங்கள அங்க விட்டவன் ஒருத்தனும் அதப் பாத்ததில்ல." அப்புறம் அவர் உரம் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். மேலும் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

மிலிட்டரி வரணும் என்கிறவர்கள் அந்தச் சிப்பாயை நினைத்துப் பார்க்கிறார்களா? 2019 பிப்ரவரி 14ஆம் தேதி புல்வாமாவில் குண்டு வெடித்து இறந்த சி.ஆர்.பி.எஃப் வீரர்களில் ஒருவர் நம் அரியலூர் மாவட்டத்துக் கார்குடிக்காரர். சி.ஆர்.பி.எஃப் என்பது எல்லை காக்கும் படை அல்ல. உள்நாட்டுப் பாதுகாப்புக்கென்றே உள்ள மத்தியப் படை. விவசாயக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர், தனக்கு எந்தப் பகையும் இல்லாத ஒரு மக்களிடையே, அவர்கள் மொழியும் தெரியாமல், காவல் நிற்க அனுப்பப்பட்டார். சவப்பெட்டி வந்த நாளில் மாவட்டமே அழுதது. அந்த அழுகை உண்மையானது. அவரை அங்கே அனுப்பிய கொள்கை சரியா என்று கேட்க மட்டும் யாருக்கும் வாய் வரவில்லை. கேட்டால் தேசத்துரோகி என்பார்கள் என்ற பயம். அந்தப் பிள்ளைக்காக நிஜமாகவே கவலைப்பட்டவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாள். அதே பொன்பரப்பியில் பானைச் சின்னத்தை வைத்துத் தொடங்கிய தகராறில் பட்டியல் சாதி மக்களின் வீடுகளை அடித்து நொறுக்கினார்கள். நாடு முழுக்கப் பாதுகாப்புப் படைகள் தேர்தல் வேலையில் நின்றிருந்த நாள் அது. காலனி மக்களின் ஓட்டு வீடுகளைக் காப்பதுதான் உள்நாட்டுப் பாதுகாப்பு என்று யாருடைய திட்டத்திலும் எழுதியிருக்கவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்பு என்று பேசும்போது யாருடைய பாதுகாப்பு என்று முதலில் கேளுங்கள். ஒருவன் சேரியில் பயந்துகொண்டு தூங்குவது இந்த நாட்டின் பாதுகாப்புக் கணக்கில் ஒருநாளும் வந்ததில்லை.

நாகாலாந்தில் ஓட்டிங் என்றொரு ஊர். 2021 டிசம்பர் 4, சனிக்கிழமை. நிலக்கரிச் சுரங்கத்தில் வாரம் முழுக்க வேலை பார்த்த எட்டுப் பேர், மறுநாள் ஞாயிறு சர்ச்சுக்குப் போகலாம் என்று ஒரு பிக்கப் வேனில் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தீவிரவாதிகள் என்று நினைத்து ராணுவத்தின் சிறப்புப் படைப்பிரிவு சுட்டது. ஆறு பேர் வேனிலேயே செத்தார்கள். தேடிக்கொண்டு வந்த ஊர்மக்களுக்கும் படைக்கும் மோதல் மூண்டு மேலும் பலர் செத்தார்கள். ஒரு சிப்பாயும் இறந்தார். ஆளடையாளம் மாறிவிட்டது என்று அரசே ஒப்புக்கொண்டது. மாநிலப் போலீஸ் விசாரித்து ராணுவத்தினர் முப்பது பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஆனால் வழக்கு நடத்த மத்திய அரசின் அனுமதி வேண்டும். 2023இல் அனுமதி மறுக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் வழக்கு நடவடிக்கைகளை முடித்துவைத்தது.

அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ஷிப்ட் முடித்து, முகமெல்லாம் வெள்ளைப் புழுதியோடு, லோடு வேனில் நின்றுகொண்டே ஊர் திரும்புகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். அவர்களில் ஆறு பேரை ஆள் தெரியாமல் சுட்டுவிட்டோம், ஆனால் வழக்குப் போட அனுமதி இல்லை என்று ஓர் அரசு சொன்னால் டீக்கடையில் என்ன பேசுவோம்? ஓட்டிங் தொலைவில் இருப்பதால் அந்த அநியாயம் சின்னதாகிவிடுமா?

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்த்தரப்பில் ஒரு வலுவான கேள்வி இருக்கிறது. அதை ஒளிக்கக் கூடாது. 1984 நவம்பரில் டில்லியில் சீக்கியர்களைத் தெருத்தெருவாக எரித்தார்களே, அப்போது ராணுவத்தை உடனே இறக்கியிருந்தால் எத்தனை உயிர் பிழைத்திருக்கும்? அரசுக் கணக்கிலேயே 2,733 பேர். போலீஸ் வேடிக்கை பார்த்தது. பக்கத்திலேயே கன்டோன்மென்டில் இருந்த ராணுவத்தை அழைக்கத் தாமதித்தார்கள். உண்மைதான். அன்று ராணுவம் முன்பே வந்திருக்க வேண்டும். இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

ஆனால் அந்த வருகைக்குச் சட்டத்தில் ஏற்கெனவே வழி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 130ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 149. கூட்டத்தை வேறு வழியில் கலைக்க முடியாதபோது மாஜிஸ்ட்ரேட் ராணுவத்தை அழைக்கலாம். வரும் அதிகாரி, எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவான பலத்தைத்தான் பயன்படுத்த வேண்டும், ஆளுக்கும் சொத்துக்கும் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவான சேதம்தான் செய்ய வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. அழைக்கிறவர் சிவில் அதிகாரி. வேலை முடிந்ததும் படை முகாமுக்குத் திரும்பிவிடும். தீயணைப்பு வண்டியைக் கூப்பிடுவதற்கும், அந்த வண்டியைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் நிரந்தரமாக நிறுத்திவைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. சுனாமியின்போதும் 2015 சென்னை வெள்ளத்தின்போதும் வந்த சிப்பாய்களை நான் மறக்கவில்லை. அவர்கள் கையில் இருந்தது கயிறும் படகும். ஊருக்குள் ராணுவம் வருவதென்றால் அப்படி வரட்டும்.

அந்த 149ஆம் பிரிவுக்கு இரண்டு பிரிவு தள்ளி 151 என்று ஒன்று இருக்கிறது. பழைய சட்டத்தில் 132. ராணுவத்தினர் மீது வழக்குத் தொடர மத்திய அரசின் அனுமதி வேண்டும் என்பது அது. மேலே சொன்ன குறைவான பலம், குறைவான சேதம் என்ற நிபந்தனைகளை மீறினாயா என்று கேட்கிற கதவுக்கு அரசே பூட்டுப் போட்டு, சாவியையும் தானே வைத்துக்கொள்கிறது. யார் மீது குற்றம் சாட்டப்படுகிறதோ அவரிடமே அனுமதி கேட்க வேண்டும் என்பது எந்த ஊர் பஞ்சாயத்திலாவது செல்லுமா? முன்பு சொன்ன 1958ஆம் ஆண்டு ராணுவச் சிறப்பு அதிகாரச் சட்டத்திலும் இதே பூட்டு உண்டு. அந்தச் சட்டத்தையே ரத்து செய்யச் சொல்லி 2005இல் நீதிபதி ஜீவன் ரெட்டி கமிட்டி பரிந்துரைத்தது. இருபது ஆண்டு கடந்துவிட்டது.

பூட்டு ராணுவத்துக்கு மட்டும் சொந்தமல்ல. 2018 மே 22ஆம் தேதியும் மறுநாளும் தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டது போலீஸ். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் அதிகாரிகளின் பெயர்களைச் சொல்லி நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அந்த அறிக்கை 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சுட்டவர்கள் யார் என்று ஒரு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி ஒருவர்கூடத் தண்டனை பெறவில்லை. வாச்சாத்தியில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. 1992இல் மலைவாழ் மக்களை அடித்து, பெண்களைக் கெடுத்த வழக்கில் வனத்துறையினர், போலீஸார் உட்பட 269 பேர் மீது குற்றம் சாட்டப்பட்டது. 2011இல் அவர்களில் உயிரோடு இருந்த அத்தனை பேருக்கும் தண்டனை விதிக்கப்பட்டது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதனால் தமிழ்நாட்டு வனத்துறை இடிந்து விழுந்துவிட்டதா? போலீஸ் காணாமல் போய்விட்டதா? சீருடைக்காரனைக் கூண்டில் நிறுத்தினால் படையின் மனஉறுதி போய்விடும் என்று சொல்கிறவர்கள் வாச்சாத்திக்குப் பதில் சொல்லட்டும்.

தோழர்களே, இந்த மாவட்டங்களிலிருந்து நாடாளுமன்றத்துக்கு இருவர் போகிறார்கள். பெரம்பலூர் தொகுதியிலிருந்து ஒருவர். அரியலூரும் ஜெயங்கொண்டமும் குன்னமும் சேர்ந்த சிதம்பரம் தொகுதியிலிருந்து ஒருவர். ஓட்டுக் கேட்டு அவர்கள் உங்கள் தெருவுக்கு வரும்போது ரோடு, தண்ணீர், நூறு நாள் வேலை எல்லாம் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள்: சொந்த மக்களைச் சுட்டவர் மீது வழக்குப் போட அரசின் அனுமதி வேண்டும் என்ற பிரிவை நீக்க நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போடுவீர்களா, மாட்டீர்களா? போடுவேன் என்று மைக்கில் சொன்னவருக்கு மட்டும் உங்கள் ஓட்டைப் போடுங்கள்.